நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவரை எல்லோரும் கான்கிரீட் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பள நாளில் மட்டும் அது தலைகாட்டும். உடம்பைப் பார்த்து வைத்த பட்டப்பெயர் இல்லை இது. ஆள் ஒல்லி. மனசைப் பார்த்து வைத்தது. அப்பா இறந்த அன்று வீடே கதறிக்கொண்டிருக்க, இவர் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். ஒரு நாற்காலியின் கால் ஆடுகிறது என்று சுத்தியலைத் தேடி எடுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒரே மகள் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குக் கிளம்பியபோது கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவர் அவள் முதுகைத் தட்டியபடியே, "பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு, பாத்துப் போகச் சொல்லு" என்றார்.

அப்படிப்பட்ட மனிதர் ஐம்பதைத் தாண்டிய வயதில் ஒரு சினிமாப் படத்தைப் பார்த்துவிட்டு விக்கி விக்கி அழுதார் என்றால் யார் நம்புவார்கள்? அவராலேயே நம்ப முடியவில்லை.

படம் பார்க்கவென்று அவர் போகவில்லை. மூன்றாவது மாடியில் இருந்த ஒரு தியேட்டரின் லிஃப்ட் நின்றுவிட்டது. மாற்ற வேண்டிய சாமான் குடோனிலிருந்து வந்து சேர நேரமாகும் என்றார்கள். தியேட்டர் மேனேஜர் நல்ல மனிதர். "எதுக்கு வெளிய நின்னு வேகுறீங்க? உள்ள போய் ஏசியில உக்காருங்க. கடைசி வரிசை காலியாத்தான் கிடக்கு" என்றார்.

கான்கிரீட்டுக்குச் சினிமா என்றாலே ஆகாது. "யாரோ யாரையோ காதலிக்கிறதுக்கு நான் எதுக்கு இருட்டுல உக்காரணும்?" என்பது அவர் கட்சி. அன்றைக்குக் கால் வலித்தது. ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. அவன் கப்பலில் வேலை செய்பவன். அவள் பூக்கடையில் நிற்பவள். இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. ஒரு சாயங்காலம், ஏழாவது மாடியில் இருக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொள்வதாக ஏற்பாடு. அலுவலகம் மூடுவதற்குள் அவள் வராவிட்டால், அவளுக்கு மனமில்லை என்று எடுத்துக்கொண்டு அன்றைய கப்பலிலேயே அவன் ஏறிவிட வேண்டும். அவள் கையில் பூங்கொத்துடன் ஓட்டமாக ஓடி வந்து லிஃப்டில் ஏறினாள். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

அதுவரை அரைத்தூக்கத்தில் இருந்த கான்கிரீட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் கதவைத் தட்டினாள். கத்தினாள். மேலே அவன் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். அலுவலகத்துக்காரர்கள் மேசையைப் பூட்டினார்கள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் இறங்கினான். அவள் அடைபட்டிருந்த அதே லிஃப்டின் பக்கச் சுவரை ஒட்டியே இறங்கினான். அவளோ அழுது அழுது குரல் போய், கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால், பெரிதாக, சிவப்பாக, அபாய மணிப் பொத்தான் தெரிந்தது.

"பின்னாடி!" என்று கான்கிரீட் எழுந்து நின்று கத்தினார். "பின்னாடி மணி இருக்கு பாரும்மா! திரும்பு! அழுத்தும்மா!"

"உக்காருய்யா!" என்றார்கள் முன் வரிசையில்.

"அழுத்தினா வாட்ச்மேன் வந்துருவான்யா!"

அவள் திரும்பவில்லை. அவன் கப்பலேறினான். கப்பல் கவிழ்ந்தது. மறுநாள் காலையில் யாரோ லிஃப்டைத் திறந்தபோது, அவள் வாடிய பூங்கொத்தோடு ஏழாவது மாடிக்கு ஓடினாள். காலி நாற்காலி. படம் முடிந்தது.

விளக்கைப் போட்டபோது கான்கிரீட்டின் முகம் நனைந்திருந்தது. முதலில் ஏசியில் இருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்றே நினைத்து அண்ணாந்து பார்த்தார். பிறகுதான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் இன்னும் அதிகமாக வந்தது.

மேனேஜர் பதறிப்போய் ஓடி வந்தார். "என்னங்க, லிஃப்ட் போச்சா?"

"போச்சு சார்" என்றார் கான்கிரீட் தேம்பிக்கொண்டே. "நான் மட்டும் அங்க இருந்திருந்தா காப்பாத்தியிருப்பேன் சார். சின்ன வேலை. பிரேக்கைத் தளர்த்திட்டுச் சக்கரத்தைக் கையால சுத்தினா வந்துரும். ஒருத்தருக்கும் தோணலையே!"

"அப்போ புதுசுதான் போடணுமா?" மேனேஜர் பக்கத்து இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"புதுசு போட்டு என்ன சார் பிரயோஜனம்? போனவன் வருவானா?"

மறுநாள் அவரே டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார். அதற்கு மறுநாளும் போனார். என்ன நடக்கும் என்று தெரியும். இருந்தாலும் அந்தக் கட்டம் நெருங்க நெருங்க, இன்றைக்காவது அவள் திரும்பிப் பார்த்துவிட மாட்டாளா என்று இருக்கையின் நுனிக்கு வந்துவிடுவார். அவள் திரும்புவதாக இல்லை. இவரும் விடுவதாக இல்லை.

வேலையில் அவர் போக்கே மாறிப்போனது. லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தால் முன்பெல்லாம் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுவார். இப்போது டீயைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார். கதவைத் திறந்ததும் உள்ளே இருப்பவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி: "உங்களுக்காக மேல யாராவது காத்துக்கிட்டு இருக்காங்களா?"

ஒருமுறை உள்ளே இருந்தவர் ஒரு தடித்த கணக்குப்பிள்ளை. கையில் சாப்பாட்டுத் தூக்கு. "ஆமா, ஆடிட்டர் காத்திருக்காரு" என்றார்.

"நிக்காதீங்க. ஓடுங்க! படிக்கட்டுலயே ஓடுங்க! அவர் உங்களைத் தப்பா நினைச்சுட்டுக் கிளம்பிரப் போறாரு!"

கணக்குப்பிள்ளை எதற்கென்றே தெரியாமல் ஓடினார். மூச்சு வாங்க அவர் உள்ளே பாய்ந்ததைப் பார்த்து ஆடிட்டர் கட்டடம் தீப்பிடித்துவிட்டது என்று எண்ணி, கோப்புகளையெல்லாம் போட்டுவிட்டு அவரும் ஓடினார்.

அதோடு நிற்கவில்லை. கம்பெனி கவனிப்பில் இருந்த லிஃப்ட் ஒவ்வொன்றிலும், அபாய மணிக்கு நேரே அம்புக்குறி போட்ட ஒரு சீட்டை ஒட்டிக்கொண்டே வந்தார். "காதலர்கள் அழுவதற்கு முன் இதை அழுத்தவும்" என்று அதில் இருந்தது. பல்லுப் போன பென்ஷன்காரர்கள் வந்துபோகும் ஒரு வங்கியிலிருந்து புகார் வந்தது. சீட்டைப் படித்துவிட்டு அவர்கள் சும்மா சும்மா மணியை அழுத்திப் பார்க்கிறார்களாம்.

மேற்பார்வையாளர் மேடம் கான்கிரீட்டைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கண்டிப்பானவர்; ஆனால் ஈரமுள்ளவர்.

"என்னண்ணே ஆச்சு உங்களுக்கு? எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க."

"ரெண்டு சின்னஞ்சிறுசுங்க மேடம்" என்று தொடங்கினார் கான்கிரீட். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "லிஃப்ட்ல மாட்டி... ஒரு உசுரு போயிடுச்சு."

மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எப்போ? எந்தக் கட்டடம்? நம்ம லிஃப்டா?"

"கதவைப் பாத்தா நம்மளோடது மாதிரிதான் இருந்துச்சு."

மேடம் மேற்கொண்டு கேட்க நிற்கவில்லை. அரைமணியில் கம்பெனியே அல்லோலகல்லோலப்பட்டது. இருந்த மெக்கானிக்குகள் அத்தனை பேரும் ஊரில் உள்ள ஏழு மாடிக் கட்டடங்களுக்கெல்லாம் விரட்டப்பட்டார்கள். முதலாளி மூன்று இடங்களுக்கு நேரில் போய், சாகாத ஆட்களுக்காக வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தார். சாயங்காலம்தான் யாரோ ஒரு மெக்கானிக், "அண்ணே, செத்தவன் என்ன வேலை பாத்தான்?" என்று கேட்கப்போய், கப்பல், பூக்கடை, டிக்கெட் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

மேடம் நெடுநேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டக்கூட அவரிடம் தெம்பில்லை. "எதுக்கும் அது எந்த மாதிரி லிஃப்ட்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துருங்க" என்று இரண்டு மெக்கானிக்குகளைத் தியேட்டருக்கு அனுப்பினார். இருவரும் கண் சிவந்து திரும்பினார்கள். ஒருவர், எல்லாம் லிஃப்டின் குற்றம் என்றார். மற்றவர், படிக்கட்டில் இறங்கியவன் ஒரு வார்த்தை "யாரது உள்ள?" என்று கேட்டிருக்கக் கூடாதா என்றார். பேச்சு முற்றி, இருவரும் ஒரே ஏணியைப் பகிர்ந்துகொள்ள மறுத்துவிட்டார்கள். கான்கிரீட்டுக்கு மேடம் துக்க விடுப்பு கொடுத்தார். வேறென்ன விடுப்பு என்று அதைச் சொல்வது?

வீட்டில் நிலைமை வேறு. அவர் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார். இத்தனை வருஷத்தில் கணவன் வேலை நேரத்தில் அவருக்குப் போன் செய்ததே இல்லை. இப்போது நாளுக்குப் பலமுறை மணி அடித்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இருக்கியா?"

"இருக்காம எங்க போவேன்?"

"சரி. இரு."

முதலில் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. இந்த வயதில் யாராவது குறுக்கே வந்திருப்பாளோ? ஆனால் அப்படி வந்திருந்தால் மனிதர் சட்டையையாவது தேய்த்துப் போட்டிருப்பார். அடுத்து பயம் வந்தது. ஏதாவது பெரிய நோயாக இருந்து, டாக்டர் நாள் குறித்துவிட்டாரோ? ஒருநாள் கான்கிரீட் சோற்றைப் பிசைந்தபடியே மனைவியின் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். மறுநாளே மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த அம்மாவுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர்தான்.

"என்ன தொந்தரவு?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"அழறாருங்க டாக்டர்."

"எந்தப் பல்லு?"

"பல்லு இல்லீங்க. சும்மாவே அழறாரு."

"அதுக்கு என்கிட்ட ஏம்மா கூட்டிட்டு வந்தீங்க?"

"மேல் கடவாப் பல்லுக்கும் கண்ணுக்கும் நரம்பு போகுதுன்னு நீங்கதானே அன்னைக்கு ஒருத்தர்கிட்ட சொன்னீங்க?"

டாக்டர் கையுறையை மாட்டினார். சொன்னது உண்மைதான். கான்கிரீட்டை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இறக்கி, வாயைத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். "எப்போலேருந்து இப்படி?"

"லி...ட்ல... ஆட்டிக்கிட்டா..." என்றார் கான்கிரீட், திறந்த வாயோடு.

டாக்டரின் கை நின்றது. "ஏழாவது மாடி ஆபீஸா?"

"ஆ."

"கையில பூங்கொத்து?"

"ஆ."

டாக்டர் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். மூக்கில் கட்டியிருந்த முகமூடியை மேலே இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. நாற்காலியில் மல்லாந்து கிடந்தவரும் குலுங்கினார். விளக்கு மட்டும் ஆடாமல் எரிந்தது.

"டாக்டர்! வெளிய ஒருத்தர் தாடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு!" என்றார் மனைவி.

"அவரும் பாத்திருப்பாரும்மா" என்றார் டாக்டர் முகமூடிக்குள்ளிருந்து. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இவர் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்களும் ஒரு தடவை கூடப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்று முடித்தார்.

டாக்டர் சொன்னால் கேட்க வேண்டியதுதானே. மறுநாள் பகல் காட்சிக்கு இருவரும் போனார்கள். அந்த அம்மா ஒரு பொட்டலம் பாப்கார்னை வாங்கி வைத்துக்கொண்டு அமைதியாகப் பார்த்தார். லிஃப்ட் நின்றதும் கான்கிரீட் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். படிக்கட்டில் கால் சத்தம் கேட்டபோது தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சும் ஒலி. பாப்கார்ன் மெல்லும் ஒலி ஒன்றுதான் அதில் சேராமல் தனியாகக் கேட்டது.

வெளியே வந்ததும் கான்கிரீட் ஆற்றாமையோடு கேட்டார். "உனக்கு ஒண்ணுமே ஆகலையா?"

"எதுக்கு ஆகணும்?"

"ரெண்டு பேரும் இப்படி..."

"அவன் என்ன பண்ணிட்டான்? ஒரு சாயங்காலம் காத்திருந்தான். மணியைப் பாத்தான், கிளம்பிட்டான். அதுக்குப் போய் ஊரே ஒப்பாரி வைக்குது." அந்த அம்மா உதட்டில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா பொறந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க? துணிக்கடை லிஃப்ட்ல. அவ பள்ளிக்கூடத்துல மேடையேறினப்போ? பேங்க் லிஃப்ட்ல. ஆற வச்ச சோத்தை எத்தனை தடவை சூடு பண்ணியிருப்பேன்! நாம சேந்து சினிமாவுக்கு வர்றதுக்குக்கூடப் பல் டாக்டர் சொல்ல வேண்டியிருக்கு."

சண்டை போடும் குரலில் இல்லை, கடையில் இன்னின்ன வாங்க வேண்டும் என்று சொல்லும் குரலில் சொன்னார். அதுதான் கான்கிரீட்டை அடித்தது. இந்த இடத்தில் அழுதிருக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. அழ முயன்றும் பார்த்தார். திரையில் இருந்தவளுக்காகக் குடம் குடமாகக் கொட்டிய கண், பக்கத்தில் நின்றவளுக்காக ஒரு சொட்டு விட மாட்டேன் என்று வறண்டு கிடந்தது. வெட்கமாக இருந்தது.

"இனிமே ஞாயித்துக்கிழமை போன் வந்தா எடுக்க மாட்டேன்" என்றார்.

"அதெல்லாம் வேணாம். உள்ள யாராவது மூச்சு முட்டிக் கிடப்பாங்க. எடுங்க. என்னையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க அப்படி என்னதான் பண்றீங்கன்னு நானும் பாக்கிறேன்."

அப்படித்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனார்கள். லிஃப்ட் இரண்டாவது மாடிக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தது. உள்ளே ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, நடுவில் ஒரு பீரோ. இருவரும் பிரிந்து போவதாக முடிவு செய்து சாமான்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பீரோ யாருக்கு என்பதில் மட்டும் தகராறு தீரவில்லை. பீரோவோடு மற்றவரைத் தனியாக அனுப்ப இருவருக்கும் நம்பிக்கையில்லாததால் இருவருமே ஏறிவிட்டார்கள். லிஃப்டை இரண்டாகப் பிரித்தாற்போல் பீரோ நின்றது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மணியை அவர்களே அழுத்தியிருந்தார்கள். அது கான்கிரீட்டுக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் மேலே மோட்டார் ரூமுக்கு ஓடினார். அவர் மனைவி கதவோரம் நின்று, "பயப்படாதீங்க, அவர் மேல போயிருக்காரு. கெட்டிக்காரர்தான், நேரமாகும்" என்று குரல் கொடுத்தார்.

"இவர் பேராசையாலதான் இந்தக் கதி" என்றது உள்ளே பெண் குரல்.

"பீரோ எங்க அக்கா வாங்கிக் குடுத்தது" என்றது ஆண் குரல்.

"அதுல என்னோட துணியை வைக்க இடம் குடுத்திருக்கீங்களா ஒரு நாளாவது?"

"நீ கேட்டியா?"

"கேட்டாத்தான் குடுப்பீங்களா?"

பிறகு ஆண் குரல் தாழ்ந்து, "எந்தத் தட்டு வேணும்?" என்று கேட்டது.

கான்கிரீட்டின் மனைவி மாடிப்படிப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினார். "ஏங்க! மெதுவா பண்ணுங்க! அவசரமே இல்ல!"

மேலே வேர்த்து விறுவிறுத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கான்கிரீட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாழ்நாளில் அவரை யாரும் மெதுவாகச் செய்யச் சொன்னதில்லை. ஆனாலும் பெண்டாட்டி சொல்கிறாளே என்று கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்தார்.

கதவு திறந்தபோது தட்டு விவகாரம் பாதி தீர்ந்திருந்தது. மேல் தட்டு அவளுக்கு, லாக்கர் பொது, கீழ்த் தட்டில் இன்னும் இழுபறி. கதவுப் பக்கம் நின்ற பெண் வெளியே வந்துவிட்டாள். பீரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கணவனின் ஒரு கை மட்டும் வெளியே நீண்டு ஆடியது. அந்தக் கையைப் பார்த்ததும் கான்கிரீட்டுக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது அழுகை. நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து அழுதார். பீரோவை நகர்த்திக் கணவனும் வெளியே வந்துவிட்டான். பிரியப்போகிறவர்கள் இருவரும் பதறி, ஒருவர் தண்ணீர் கொண்டுவர, ஒருவர் விசிறிவிட, "என்னங்க ஆச்சு, யாரு போனா?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். அவர் கதையைச் சொன்னார். கப்பல் வரை சொல்லி முடித்தபோது அந்தக் கணவன் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் சேர்ந்துவிட்டார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். பீரோவை மறுபடி இறக்குவதற்குத் தோதான நாள் பார்க்கிறார்களாம். அதுவரை ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அன்று மாலையே நால்வரும் அந்தப் படத்துக்குக் கிளம்பினார்கள். போய்ப் பார்த்தால் படத்தை எடுத்துவிட்டு ஒரு நகைச்சுவைப் படத்தைப் போட்டிருந்தார்கள். வந்தது வந்தாகிவிட்டது என்று உட்கார்ந்தார்கள். தொடங்கிய கொஞ்ச நேரத்தில், திரையில் ஒரு குண்டு மனிதர் ஏணியில் ஏறி, ஏணி வழுக்கி, சுண்ணாம்பு வாளியோடு கீழே விழுந்தார். தியேட்டரே அதிர்ந்தது. கான்கிரீட்டின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பீரோக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

சிரித்து முடித்துப் பக்கத்தில் திரும்பிய மனைவிக்குத் திக்கென்றது. "ஐயோ, இப்போ எதுக்குங்க?"

கான்கிரீட் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். "கீழ ரெண்டு பேரு சும்மா நிக்கிறாங்க பாரு. ஒருத்தன், ஒருத்தனாவது அந்த ஏணியைப் பிடிச்சுக்கிட்டானா?"

அந்த அம்மா பாப்கார்ன் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினார். அவர் ஒரு பிடி அள்ளிக்கொண்டு அழுகையைத் தொடர்ந்தார்.